பவுடர் போட்ட அப்பத்தா

அன்புள்ள சார்,

கொஞ்ச காலமாக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முகங்கள் செய்து பழகுகிறேன். இப்போது இறந்துபோன என் அப்பத்தாவின் முகத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். அப்பத்தா நல்ல கறுப்பு, தண்டட்டி போட்டுத் தொங்கும் காது. கையில் இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு கலர் போட்டோதான்.

முகவெட்டு ஓரளவு ஒத்துவந்துவிட்டது. தோல்தான் வரமாட்டேன் என்கிறது. முதலில் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுங்கியது. ரஃப்னஸை (மேற்பரப்பின் சொரசொரப்பை) 0.7-க்கு ஏற்றினேன், இப்போது சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மென்பொருள் தந்த படத்தை, அதாவது ரெண்டரைப் பார்த்த அம்மா, "அத்தைய ஏன்டா இருட்டுல உக்கார வச்சிருக்க" என்றார். லைட்டைக் கூட்டினால் வெளுத்துப்போய் வேறு யாரோ ஆகிவிடுகிறார். முகத்தின் மேல் போர்த்தும் தோல் படம், அதாவது டெக்ஸ்சர், இணையத்தில் கிடைத்தது, வெள்ளைக்காரப் பாட்டி ஒருவருடையது. பிரைட்னஸைக் குறைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒளி தோலுக்குள் போய்ச் சிதறுவதைக் காட்டும் சப்சர்ஃபேஸும் போட்டிருக்கிறேன். எங்கே தப்பு? போட்டோவையும் ரெண்டரையும் இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் லைட்டைப் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள். உங்கள் அம்மா இருட்டு என்று சொன்னது வெளிச்சக் குறைவை அல்ல என்று நினைக்கிறேன். முகத்தில் எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

தோலிலிருந்து ஒளி இரண்டு வழியாக நம்மிடம் வருகிறது. ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பிவிடும். மீதி உள்ளே போய், தோலுக்குக் கறுப்பு தரும் மெலனினையும் ரத்தத்தையும் கடந்து, சிதறி வெளியே வரும். நாம் நிறம் என்று சொல்வது இந்த இரண்டாவதை. முதல் வகை மெலனினைத் தொடுவதே இல்லை. விளக்கு என்ன நிறமோ அதே நிறத்தில் திரும்பும். தோலின் ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) சுமார் 1.4. அந்தக் கணக்கில், நேராக விழும் ஒளியில் 2.8 சதவீதம் இப்படித் திரும்புகிறது. கறுப்புத் தோலுக்கும் சிவந்த தோலுக்கும் இது ஏறக்குறைய ஒன்றுதான்.

மாறுவது உள்ளிருந்து வரும் பங்கு. புகைப்படக்காரர்கள் 1976 முதல் பயன்படுத்தும் கலர்செக்கர் அட்டையில் தோலுக்கென்றே இரண்டு கட்டங்கள் உண்டு. வெளிர் தோல் கட்டம் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 35 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கருந்தோல் கட்டம் சுமார் 10. அந்த 35-க்குப் பக்கத்தில் 2.8 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பத்துக்குப் பக்கத்தில் அது கால் பங்குக்கும் மேல். அப்பத்தா அந்தக் கட்டத்தைவிடக் கறுப்பு, ஐந்து சதவீதம் என்று வையுங்கள், பாதியைத் தாண்டிவிடுகிறது. அதாவது சிவந்த முகத்தில் நிழல்தான் வடிவத்தைச் சொல்கிறது. கறுத்த முகத்தில் மினுமினுப்பு சொல்கிறது. நீங்கள் ரஃப்னஸை ஏற்றி அந்த மினுமினுப்பைத்தான் முகம் முழுக்கத் தேய்த்துவிட்டீர்கள். கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம். சாம்பல் பூக்காமல் என்ன செய்யும்?

இப்போது அந்த ஸ்டுடியோ போட்டோவைப் பாருங்கள். நம்மூர் ஸ்டுடியோக்களில் ஒரு கண்ணாடி, சீப்பு, ஒரு பவுடர் டப்பா கட்டாயம் இருக்கும். அப்பத்தாவுக்கும் யாரோ தாராளமாக அப்பிவிட்டிருக்கிறார்கள். நெற்றியும் மூக்கும் கன்னமும் ஒரே தட்டையான பழுப்பு. காது மடலும் கழுத்தும் மட்டும் வேறு நிறம். பவுடர் செய்யும் வேலையும் ரஃப்னஸ் 0.7 செய்யும் வேலையும் ஒன்றே. போதாததற்கு நேர் முன்னாலிருந்து ஃபிளாஷ். நீங்கள் போட்டோவை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். முகவெட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், தோலுக்கு வேண்டாம். பழைய கலர் பிரின்டின் சாயமும் மங்கியிருக்கும் என்பதால், கழுத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பதும் உதவாது. அப்பத்தாவின் நிறத்தில் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள் இல்லையா? காலையில் வாசல் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, பவுடர் இல்லாமல், பக்கத்தில் ஒரு கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) பிடித்துப் படம் எடுங்கள்.

பிளாஸ்டிக் பிரச்சினைக்கு வருகிறேன். பிளாஸ்டிக்காகத் தெரிவது மினுங்குவதால் அல்ல, முகம் முழுக்க ஒரே மாதிரி மினுங்குவதால். ரஃப்னஸுக்கு ஒற்றை எண்ணைக் கொடுக்காமல், எங்கே எவ்வளவு என்று காட்டும் ஒரு மேப் வரையுங்கள். நெற்றி, மூக்கு நுனி, கீழுதடு 0.35 அளவில். கன்னம் 0.5-ஐ ஒட்டி. கண்ணுக்குக் கீழே இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறட்டும். இதோடு தோல் துவாரங்களுக்கும் சுருக்கங்களுக்கும் நுண்ணிய பம்ப் (மேடுபள்ளம்) கொடுத்தால் ஹைலைட் (மினுங்கும் இடம்) உடைந்து பொடிப்பொடியாகும். வயதான தோலில் பாதி வேலையை இதுவே முடித்துவிடும்.

அப்புறம், மினுங்குவதற்கு எதிரே ஏதாவது இருக்கவேண்டும். உங்கள் ரெண்டரில் வேர்ல்டு (சுற்றுப்புறம்) முழுக் கறுப்பு, முன்னால் ஒரு சின்ன லைட். தோல் எதைத்தான் பிரதிபலிக்கும்? ஒரு வாசல் கதவு அளவுக்கு ஏரியா லைட் வையுங்கள், ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர். முகத்துக்கு முன்னால் வேண்டாம். பக்கவாட்டில், கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முகத்துக்கு நெருக்கமாக. கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டின் மேலும் நீளமாக ஒரு ஒளி விழும். மறுபக்கம், நிழலைத் தணிக்கும் ஃபில் லைட்டுக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தட்டி போதும். பின்னணியை முகத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமான பச்சையாகவோ நீலமாகவோ வையுங்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் கறுத்த முகத்தை வைத்துவிட்டு, பின்னாலிருந்து விளிம்பைக் காட்டும் ரிம் லைட்டை ஏற்றிக்கொண்டே போவது வீண் உழைப்பு.

டெக்ஸ்சர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டியிருக்கிறது: அந்த வெள்ளைக்காரப் பாட்டியை விட்டுவிடுங்கள். மெலனின் எல்லா நிறத்தையும் சமமாக விழுங்குவதில்லை. நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்கும். கலர்செக்கரிலேயே பாருங்கள். வெளிர் தோலின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) 194, 150, 130. கருந்தோல் 115, 82, 68. சிவப்பில் 59 சதவீதம் மிஞ்சுகிறது, நீலத்தில் 52 தான். இன்னும் கறுக்கக் கறுக்க இந்த இடைவெளி கூடும். பிரைட்னஸைக் குறைக்கும்போது மூன்றும் ஒரே விகிதத்தில் குறைவதால் செம்மை போய்ச் சேற்று நிறம்தான் மிஞ்சும். தவிர, இணையத்து டெக்ஸ்சர்களில் படம் எடுத்தபோது விழுந்த ஹைலைட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கறுப்பாக்கினால் திட்டுத் திட்டாகத் தெரியும். மினுமினுப்பை வடிகட்டும் குறுக்கு போலரைஸர் போட்டு எடுத்த டெக்ஸ்சர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கையால் வரைவதே மேல்.

சப்சர்ஃபேஸ் பற்றி நீங்கள் பெருமையாகச் சொன்னதுபோல் பட்டது. தோல் என்றாலே அதுதான் என்று பாடம் எடுப்பவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். 2001-ல் ஹென்ரிக் வான் ஜென்சனும் மற்றவர்களும் எழுதிய ஆய்வுக்கட்டுரை அதற்கு வழி திறந்தது, 2004-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. நியாயமான விருது. ஆனால் உள்ளிருந்து ஒளிரும் அந்த மென்மை முக்கியமாக வெளிர் தோலின் குணம். முன்பு பிக்ஸாரில் இருந்து பிறகு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன தியடோர் கிம், இதையே மனிதத் தோலின் பொது இலக்கணமாக்கிவிட்டார்கள் என்று 2020-ல் எழுதினார். எனக்கும் அதுவே கருத்து.

பிளெண்டர் 4-ல் சப்சர்ஃபேஸ் ஸ்கேல் (ஒளி பரவும் தூரம், மீட்டரில்) தானாகவே 0.05 என்று நிற்கும். சிவப்பு ஒளி ஐந்து சென்டிமீட்டர் பரவும் என்று அர்த்தம், மெழுகுக்குச் சரி. தோலில் அது மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், 0.003 போதும். முதலில் தலையின் உயரத்தையும் பாருங்கள், முகவாயிலிருந்து உச்சி வரை 22, 23 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். பலர் ஸ்கல்ப்ட் செய்த தலை இரண்டு மீட்டர் இருக்கும். இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகிவிடுவதும் உண்டு!

உங்கள் படத்தில் சப்சர்ஃபேஸுக்கு உண்மையான வேலை ஒரே இடத்தில்தான்: தண்டட்டி இழுத்துத் தொங்கும் அந்தக் காது. அவ்வளவு மெல்லிய சதைக்குப் பின்னால் விளக்கு வந்தால், எத்தனை கறுப்பானாலும் செம்மை கசியும். அதனால் காதை மொத்தையாகச் செய்யாதீர்கள். தண்டட்டியின் பொன்னொளி கழுத்தில் படும்படி கோணத்தைச் சரிசெய்யுங்கள். உதடு ஒரே நிறமில்லை. ஓரம் கறுப்பு, உள்ளே போகப்போக ரோஜா. கண்வெள்ளையைச் சுத்த வெள்ளையாக்க வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் கலக்கட்டும்.

எந்த வெர்ஷன் என்று எழுதவில்லையே. 4-க்கு முந்தையது என்றால் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ஒளிக்கணக்கைத் திரையின் நிறமாக மாற்றும் முறை) ஃபில்மிக்காக இருக்கும், அதன் பிறகு ஏஜிஎக்ஸ். இரண்டுமே எக்ஸ்போஷரை ஏற்றும்போது நிறத்தை வெளுக்கவைக்கும். லைட்டைக் கூட்டியதும் முகம் வேறு யாரோ ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த ரெண்டரை அனுப்பும்போது ரஃப்னஸ் மேப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.