கடலடி கேள்வி பதில்: எந்த மிதவை வாங்குவது, எப்படி மேலே விடுவது?

கேள்வி: புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் எனும் தொடக்கநிலை ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். டிசம்பரில் அந்தமான் போகிறேன். சொந்தமாக ஒரு எஸ்எம்பி, அதாவது நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட நீருக்குள்ளிருந்து காற்று ஊதி மேலே விடும் நீள மிதவை, வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கடையில் ஒரு மீட்டரிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வரை வைத்திருக்கிறார்கள். அடி திறந்தது, மூடியது, குட்டி சிலிண்டர் பொருத்தியது என்று வேறு. எதை எடுக்கட்டும்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: பெரியதை எடுங்கள். முடிந்தால் 1.8 மீட்டர், குறைந்தது 1.4 மீட்டர். சுருட்டினால் கைக்குள் அடங்குகிறது என்று ஒரு மீட்டர் மிதவையை வாங்குகிறவர்கள் நிறைய. சுருட்டி வைப்பது நமக்கு வசதி, சரி, ஆனால் மிதவை நமக்காக இல்லையே, படகோட்டிக்காக. கொஞ்சம் அலை எழும்பிய நாளில், எதிர்வெயிலில், நூறு மீட்டர் தள்ளி மிதக்கும் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தடவை படகில் நின்று தேடிப் பாருங்கள், அதற்கப்புறம் சின்ன மிதவை வாங்க மனம் வராது. 2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் ஐந்து டைவர்கள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, ரிஞ்சா தீவில் கரையேறி, இரண்டு நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டார்கள். வேகமான நீரோட்டம் உள்ள இடங்களில் நாம் இறங்கிய இடமும் ஏறும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. படகு நம்மைத் தேடி வர வேண்டும், அதற்குக் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது நிமிர்ந்து நிற்க வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, அடியில் காற்று உள்ளே போகும், ஆனால் வெளியே வராத வாய் உள்ளதுதான் என் தேர்வு. முழுக்கத் திறந்த வாய் என்றால், மேலே போனதும் கயிறு கொஞ்சம் தளர்ந்து மிதவை சாய்ந்தால் போதும், காற்றெல்லாம் போய்விடும். குட்டி சிலிண்டர் வைத்தது ஒவ்வொரு தடவையும் நிரப்ப வேண்டும், பயணத்தில் அது ஒரு தொல்லை, புதியவருக்குத் தேவையே இல்லை. வாங்கும்போது அதிக அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு இருக்கிறதா, தலைப்பகுதியில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் டார்ச்சை மிதவையின் மேல் அடித்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

நிறம் ஆரஞ்சு அல்லது சிவப்பு. மஞ்சளும் நன்றாகத் தெரியும், ஆனால் சில இடங்களில் மஞ்சள் மிதவை என்றால் உதவி தேவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். போகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிற்றுக்கு, பிடி வைத்த பெரிய ரீல் வேண்டாம், 30 மீட்டர் கயிறு சுற்றிய சாதாரண ஸ்பூல் போதும். அதில் சிக்கிக்கொள்ள பாகமே கிடையாது. 15 மீட்டர் ஸ்பூல் மலிவு, ஆனால் நீரோட்டத்தில் கயிறு சாய்வாகப் போகும்போது பற்றாது.

கேள்வி: சேஃப்டி ஸ்டாப்பில், அதாவது மேலே வரும் முன் சில நிமிடம் நிற்கும் 5 மீட்டர் ஆழத்தில், மிதவையை ஊதினால் ஒவ்வொரு முறையும் என்னையும் சேர்த்து மேலே இழுத்துவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தப்பு உங்கள் கையில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1.8 மீட்டர் நீளமும், தட்டையாக விரித்தால் 20 செ.மீ. அகலமும் உள்ள மிதவை முழுக்க உப்பினால் 20 லிட்டருக்கு மேல் காற்று பிடிக்கும். 20 லிட்டர் காற்று தண்ணீருக்குள் ஏறக்குறைய 20 கிலோவைத் தூக்கும். 5 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஒன்றரை மடங்குதான், ஆகவே மேலே போய் அது முழுதாக நிற்க வேண்டுமானால் நீங்கள் அங்கேயே 13 லிட்டருக்கு மேல் ஊதியாக வேண்டும். 13 கிலோ இழுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யாராலும் ஒரே ஆழத்தில் நிற்க முடியாது. அதையே 15 மீட்டரில் செய்தால் அழுத்தம் இரண்டரை மடங்கு, 8 லிட்டர் போதும். உண்மையில் அதுகூட வேண்டாம். அங்கே 4, 5 லிட்டர், அதாவது இரண்டு மூன்று நல்ல மூச்சு ஊதினாலே மேலே போகப் போக அது விரிந்து 10, 12 லிட்டர் ஆகிவிடும், கயிற்றைக் கீழே இழுத்துப் பிடித்தால் பாதி மிதவை நிமிர்ந்து நிற்கும்.

அதனால் சேஃப்டி ஸ்டாப் வரை காத்திருக்காதீர்கள். 12லிருந்து 15 மீட்டருக்குள், ஏறத் தொடங்கும் முன்பே விட்டுவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: நீங்கள் நிதானமாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று முடிப்பதற்குள் படகோட்டிக்கு நீங்கள் எங்கே என்று தெரிந்திருக்கும், மற்ற படகுகளும் விலகியிருக்கும். மீன்பிடி ஃபைபர் படகுகள் குறுக்கே போகும் புதுச்சேரி மாதிரியான கடலில் இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இனி செய்முறை. முதலில் மிதப்பைச் சமன் செய்துகொண்டு, படியில் நிற்பது போல அசையாமல் நிற்கப் பழகுங்கள், இது வராமல் மிதவையைத் தொடவே வேண்டாம். தலைக்கு மேலே பாருங்கள், படகோ இன்னொரு டைவரோ இருக்கக் கூடாது. உங்கள் துணையிடம் சைகை காட்டுங்கள், அவர் எதிரே நின்று உங்கள் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், ஏனென்றால் கைவேலையில் மூழ்கினால் நாம் இரண்டு மீட்டர் ஏறியதோ இறங்கியதோ நமக்கே தெரியாது. மிதவையை அவிழ்த்துத் தொங்கவிட்டு, ஸ்பூலை அதில் மாட்டி, ஸ்பூலில் இருக்கும் கொக்கியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அந்தக் கொக்கி உங்கள் பிசிடியிலோ (மிதப்பைச் சமன் செய்யும் காற்று ஜாக்கெட்) இடுப்பு வளையத்திலோ எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. கயிறு சிக்கினால் ஸ்பூலை அப்படியே விட்டுவிட வேண்டும், அதற்குத் தயங்கவே கூடாது. போனால் போகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், 15 மீட்டரிலிருந்து விருட்டென்று மேலே போனால் நுரையீரலுக்கு வரும் சேதத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.

காற்றை எப்படி ஊதுவது என்பதில் ஆளுக்கொரு வழி. புதியவர்களுக்கு நான் ஆக்டோபஸைத்தான் (அவசரத்துக்கு வைத்திருக்கும் உபரி ரெகுலேட்டர், அதாவது மூச்சுக்கருவி) சொல்லிக்கொடுக்கிறேன்: அதை மிதவையின் வாய்க்குக் கீழே கொண்டுபோய், பட்டனை ஒரு நொடி, இரண்டு நொடி அழுத்தினால் போதும். வாயில் இருக்கும் ரெகுலேட்டரிலிருந்து வரும் குமிழியைப் பிடிப்பது அழகான முறைதான், ஆனால் தலையைச் சாய்க்கும்போது மாஸ்க்கில் தண்ணீர் ஏறலாம், கவனம் அங்கே போய்விடும். முதலில் ஒரு சின்ன ஊதல், மிதவை நிமிரட்டும், கயிறும் ஹோஸும் பின்னிக்கொள்ளவில்லை என்று பாருங்கள், அப்புறம் பெரிய ஊதல், உடனே கையை விடுங்கள். ஊதிவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால்தான் அது உங்களை இழுக்கிறது. ஸ்பூல் இரண்டு விரல்களுக்கு நடுவே தானாகச் சுழலட்டும், விரலில் கயிற்றைச் சுற்றாதீர்கள்.

மேலே போனது கயிறு தளர்வதில் தெரியும். அதற்குப் பிறகு ஏற ஏறக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, எப்போதும் ஒரு இழுப்பு இருக்கும்படி வாருங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். இழுப்பு விட்டால் மிதவை தண்ணீரில் படுத்துவிடும், படுத்த மிதவை படகிலிருந்து தெரியாது. இதையெல்லாம் முதலில் அலையில்லாத, நீரோட்டமில்லாத இடத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள்.

கேள்வி: நானும் என் நண்பனும் எப்போதும் சேர்ந்துதான் டைவ் போகிறோம். இருவருக்கும் ஒரு மிதவை போதாதா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: போதாது. பிரிந்துபோகிற டைவில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்த மாதிரி ஆழத்திலிருந்து ஏறுகிறவர்கள் நடுக்கடலில் நெடுநேரம் நின்று நின்று வர வேண்டியிருக்கும், அவர்களில் பலர் ஆளுக்கு இரண்டு மிதவைகூட வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஆளுக்கு ஒன்று போதும்.

கேள்வி: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போய் ஸ்நோர்க்கலிங் செய்கிறோம். எங்களுக்கும் இந்த மிதவை தேவையா?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: மிதவை கட்டாயம் தேவை, ஆனால் இது இல்லை. நீங்கள் மேலேயே நீந்துவதால், தொடக்கத்திலிருந்தே கூட இழுத்துக்கொண்டு போகும் உருண்டை மிதவை, அதன் மேல் ஒரு சின்னக் கொடியோடு, அதுதான் பொருத்தம். சுற்றுலாப் படகுகள் வந்துபோகும் இடத்தில் அது இல்லாமல் இறங்காதீர்கள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள், மணிக்கட்டில் முடிச்சுப் போட வேண்டாம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, ஓய்வெடுக்கும்போது கயிற்றைப் பவளத்தில் கட்டி நிறுத்தாமல், கையிலேயே வைத்திருங்கள்.