அந்தத் தரவை நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: ஐயா, தேவிபட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கிற அரசு புறம்போக்கில் நாற்பது தொகுப்பு வீடு கட்ட அளந்துவிட்டுப் போனார்கள். கரையோரக் குடிசையில் இருக்கிறவர்களுக்காம். ஊரில் எதிர்ப்பு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை, உப்பளத்தை ஒட்டின தரவையில், அந்த உவர்த் தரிசில் கட்டட்டும்’ என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி.

நான் இந்த மாவட்டத்தில் சர்வேயராக இருந்தவன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம் தலைமுறை தலைமுறையாகக் காலியாகக் கிடந்தால் அதற்குக் காரணம் இருக்கும். கார்த்திகையில் ஒருமுறை உங்கள் தரவைக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். பங்குனியில் போனால் உப்புப் பூத்திருக்கும். ஆடு மேய்க்கிறவர்கூடக் குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போகிற இடம் அது. அங்கே நாற்பது குடும்பம் எப்படிக் குடியிருக்கும்?

இதே மாதிரி ஒரு தரவையை நானே அளந்து கொடுத்தேன். அந்த ஊரிலும் இப்படித்தான் மனு கொடுத்து, ஊருக்குள் வரவேண்டிய வீடுகளை வெளியே தள்ளினார்கள். பத்து வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஒரு அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டு மேற்கூரையைக் காட்டினார். பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. பிள்ளையைத் தூங்கவைக்கிற இடத்தை மூன்று தடவை மாற்றிவிட்டாராம். “சார், நீங்கதானே அன்னைக்கு அளந்தீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்து மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கலவையையே உவர்த் தண்ணீரில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு அறிவித்தது 3.5 லட்சம் ரூபாய். தரவை என்றால் மண் அடித்து மேடாக்கியபிறகுதான் அஸ்திவாரமே போட முடியும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அங்கே வந்து சேருகிற வரைக்கும் அந்தப் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு உங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும்.

இன்னொரு விஷயம். கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்கிற 2019-ன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் உவர் சதுப்பு மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறது. உங்கள் தரவை அதற்கான வரைபடத்தில் அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால் அங்கே வீடு கட்டவே முடியாது. அப்போது இந்த மனுவுக்கு என்ன அர்த்தம்? அவர்களுக்கு வீடே கிடையாது என்றுதான் அர்த்தம்.

சரி, ஊர்க்காரர்களின் பயத்தையும் பார்ப்போம். சாக்கடை பெருகும், பள்ளிக்கூடத்தில் இடம் போதாது, மனை விலை இறங்கும் என்பார்கள். முதல் இரண்டும் உண்மையான கவலைதான். அதற்கு வடிகாலும் கூடுதல் வகுப்பறையும் கேட்டு மனு எழுதுங்கள், அதில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். மூன்றாவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வரப்போகிறவர்கள் யாரோ இல்லை, இன்று காலையில் உங்கள் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்தவர்கள். 1998-ல் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தபோது நூறு வீட்டில் நாற்பது தலித் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். எல்லாச் சாதிக்காரரும் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருக்கவேண்டும் என்று அரசே செய்து பார்த்த மாவட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தக் குடிசைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதுவரை அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா?

கேள்வி: ‘சுற்றுச்சூழல் அநீதி’ என்று அடிக்கடி படிக்கிறேன். குப்பையும் புகையும் எல்லோருக்கும் பொதுதானே?

பதில்: பொது இல்லை அம்மா. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ராபர்ட் புல்லார்ட் என்ற சமூகவியலாளர் 1979-ல் ஆராய்ந்தார். மாநகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பை நிலமும் கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியில்தான் இருந்தன. ஊரில் அவர்கள் நாலில் ஒரு பங்குதான். 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்ட வந்தபோது, லாரிகளுக்கு முன்னால் மக்கள் படுத்து மறித்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள்.

நம் சென்னையிலும் நகரத்துக்குள் இருந்த குடிசைகளை எடுத்துக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு இருக்கிற பக்கம் அது. செம்மஞ்சேரியில் மழைக்காலம் வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வேலையோ பழைய இடத்திலேயே இருக்கிறது, விடியுமுன் எழுந்து பஸ் ஏற வேண்டும்.