பச்சை போவது சாக்குக்குள்ளே

வணக்கம் அண்ணா,

அரை ஏக்கரில் மருந்தடிக்காத முருங்கை. வேலைக்கு வீட்டு ஆட்கள்தான். கீரையைப் பொடியாக்கி விற்கிறோம். ஆனியில் போட்ட பொடி பச்சைப் பசேலென்று வந்தது. ஐப்பசியில் போட்டது பழுப்பாகி, 20 நாளில் கட்டிதட்டி, மக்கல் வாடையும் வந்துவிட்டது. சாயங்காலம் ஒடித்துச் சாக்கில் கட்டிவைத்து, காலையில் அலசி மாடியில் உலர்த்துகிறோம். மில் சூடுதான் காரணமா? டிரையர் வாங்கலாமா?

— வாசகி, செக்கானூரணி

அன்புள்ள சகோதரிக்கு,

மில்லைக் குறை சொல்லாதீர்கள். பச்சை சாக்குக்குள்ளேயே போய்விட்டது. ஒடித்த கீரை மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும். அமுக்கிக் கட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்றிருக்கும். ஆனியில் மேல்காற்று ஒரே பகலில் உலர்த்தித் தப்பிக்க வைத்தது. ஐப்பசியில் மழை ஈரத்தோடு கட்டி, பிறகு மூன்று நாள் காயாமல் கிடந்தால் எந்தக் கீரை தாங்கும்? (பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை ரகமா, நாட்டு மரமா என்று நீங்கள் எழுதவில்லை. இதற்கு இரண்டும் ஒன்றுதான்.)

காலையில் இலை ஈரம் உலர்ந்ததும் ஒடியுங்கள். கூடையில் தளர்வாகப் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அலசிவிட வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு, மூன்று நிமிடம்; பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை. கொத்துகளைக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, தண்ணீர் சொட்டுவது நின்றபின் ஆயுங்கள்.

மாடி வேண்டாம், வெயில் நிறத்தை வெளுக்கும். காற்றோட்டமான அறை, மின்விசிறி, கொசுவலை அடித்த சட்டம் போதும். நாலடிக்கு மூன்றடிச் சட்டத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பரப்பாதீர்கள்.

கட்டிதட்டியதற்குக் காரணம் ஈர்க்கு. இலை கையில் நொறுங்கும்போதும் ஈர்க்குக்குள் ஈரம் இருக்கும். சேர்த்து அரைத்தால் அந்த ஈரம் பொடி முழுக்கப் பரவிவிடும். ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். மழை மாதத்தில் அதையும் நம்பாமல் ஒரு தட்டுக் கீரையை எடை போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போடும்போது எடை குறைந்திருந்தால் இன்னும் காயவில்லை.

மில்லில் எனக்குள்ள பயம் வேறு. உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் பொடியில் அந்த நெடி ஏறிவிடும். ஐந்து கிலோ வரை மிக்சியில் விட்டு விட்டு அரைக்கலாம். பொடி முழுக்க ஆறிய பிறகே பையில் அடையுங்கள், சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். ஒளி புகாத அலுமினியப் பூச்சுப் பையே நல்லது.

டிரையர் இப்போதைக்கு வேண்டாம். சாக்கில் வெந்த கீரையை அதில் போட்டால் பழுப்பு சீக்கிரம் காயும், அவ்வளவுதான். பின்னால் வாங்கினாலும் சூடு 50 டிகிரியைத் தாண்டக் கூடாது.

மக்கல் வாடை வந்த பொடியை மறுபடி காயவைத்து விற்காதீர்கள். பூசணத்தின் நஞ்சு வெயிலில் போகாது. மாட்டுக்கும் வேண்டாம், உரக்குழியில் கொட்டிவிடுங்கள்.