தொழிலாளர்கள் ஏன் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிடுகிறார்கள்? ஆபத்து அவர்களுக்குப் புரியவில்லையா?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்த பிறகுதான் பதில் எழுதத் தோன்றியது. நீங்கள் அண்மையில் படிப்பை முடித்து ஏதோ ஓர் ஆலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், எத்தனை முறை சொன்னாலும் மூடியை மாட்டாத ஆட்களைப் பார்த்துச் சலித்துப்போயிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அதே சலிப்போடு பல ஆண்டுகள் இருந்தவன். அதற்கு முன்பு ஏழு ஆண்டுகள் மூடியைக் கழற்றியவனும் நான்தான்.

மண்டபத்துக்கு அருகில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஃபிட்டராகி, பிறகு சூப்பர்வைசர் ஆனேன். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஆகவே ஐஸ் வியாபாரம் முழுவதும் அந்த மூன்று நாள்களுக்கு முந்தைய இரவுகளில் வந்து குவியும். வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, உப்புநீர்த் தொட்டியிலிருந்து கேன்களைத் தூக்கி, கட்டிகளைக் கவிழ்த்து, ஈரத் தரையில் சறுக்கிக் கொண்டுபோய், கட்டியை நொறுக்கும் கிரஷரில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கிரஷரின் உள்ளே, பல் வைத்த இரும்பு உருளை ஒன்று சுழலும். கை எட்டாதபடி அதன் வாயில் நீளமான தகரக் கூடு ஒன்றை ஆறு போல்ட்டுகளால் பொருத்தியிருந்தார்கள். கட்டி குறுக்காக விழுந்தால் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். எடுப்பதற்குக் கூட்டைக் கழற்ற வேண்டும். கடல் காற்றும் உப்புநீரும் சேர்ந்து அரித்துவிடுவதால் ஸ்பேனர் வைத்தால் போல்ட்டின் தலை வழுக்கும், கடைசியில் வெட்டித்தான் எடுக்க முடியும். அப்படி வெட்டி எடுத்த கூட்டை மறுபடி மாட்டப் புதிய போல்ட்டும் அரை மணி நேரமும் தேவைப்படும், இரண்டும் அந்த இரவுகளில் எங்களிடம் இருந்ததில்லை. அது சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது, ஆட்கள் அதில் சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

எங்கள் மேலாளர் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் பயந்தது, ஐஸ் உறையவைக்கக் குழாய்களில் ஓடும் அம்மோனியா வாயுவுக்கு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு அம்மோனியா இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர் அறிந்திருந்தார். முகமூடி, சைரன், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பணம் செலவழித்தார். அந்த விஷயத்தில் அலட்சியம் எங்களிடம்தான் இருந்தது. அன்றாடம் அந்த வாடையிலேயே புழங்கிய எங்கள் மூக்கு மரத்துப்போயிருந்தது. “லேசா வாடை வந்தாத்தான்ணே மெஷின் ஓடுதுன்னு அர்த்தம்” என்று கம்ப்ரசர் ஆபரேட்டர் ஒருவர் சொல்லுவார். கசிவைக் கண்டுபிடிக்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் வெண்புகை கிளம்பும். எங்கள் ஆட்கள் பொழுதுபோக்குபோலச் சிரித்துக்கொண்டே அதைச் செய்வார்கள். தொழிலாளிக்கு எல்லாம் தெரியும், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்று எழுதவே நான் வந்திருக்கிறேன் என எண்ணுபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

மேலாளரின் பயம் என்றாவது ஒரு நாள் வந்து ஊரையே கூட்டிவிடும் ஆபத்தைப் பற்றியது. கிரஷரோ தினமும் ஓடுவது, அடித்தால் ஒரே ஓர் ஆளை அடிப்பது, அதுவும் ராத்திரியில். அவர் ராத்திரியில் வந்ததில்லை.

2012 ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று, தேசியப் பாதுகாப்பு தினத்துக்காக வாசலில் பேனர் கட்டி, உறுதிமொழி வாசித்து, ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கொடுத்தோம். (பேனரில் மேலாளர் படம் பெரிதாக இருந்தது, விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிவைத்துவிட்டு, படிக்கவில்லை என்று ஆளைத் திட்டும் இந்தப் பழக்கத்தை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.) கையுறையைப் பார்த்ததுமே ஒருவர், “இது பல்லுல மாட்டும்ணே” என்றார். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னவன் நான்.

அதற்கடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர்தான் கிரஷர் அருகில் நின்றார். சிக்கிய துண்டை வழக்கமாகச் சவுக்குக் கம்பால் குத்தித் தள்ளுவோம். அன்று கம்பின் நுனி ஒடிந்து, மீதி இரண்டு சாண்தான் இருந்தது. நனைந்து ஊறிய கையுறையின் ஒரு நூலைப் பல் கவ்வியது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதியவனும் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. கட்டம் சிறியதாக இருந்தது, அந்தச் சொல் கைவசம் இருந்தது, அவ்வளவுதான். 1931-இல் ஹைன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி, நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்பவை என்று எழுதினார். பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட 75,000 சம்பவங்கள் காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்தும் வந்தவை என்று பின்னாளில் படித்தபோது, என் கையெழுத்து நினைவுக்கு வந்தது.

அப்போது நடைமுறையில் இருந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 111 ஆவது பிரிவு, பாதுகாப்புச் சாதனத்தில் தொழிலாளி வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது என்றது. அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டினோம். இயந்திரம் ஓடும்போது ஆபத்தான பாகங்களின் தடுப்பு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்ன 21 ஆவது பிரிவை ஒட்டவில்லை.

ஆகவே, கூடு எதற்காக என்று எங்கள் ஆட்களுக்கு உங்களையும் என்னையும் விட நன்றாகவே தெரியும் என்பதுதான் என் பதில். அதை மாட்டினால் அன்றிரவு என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்; நமக்கு அது தெரிவதில்லை.

அந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி ஓய்ந்திருந்தபோது, மேலாளரிடம் பேசி, கூட்டுக்குக் கீல் வைத்து, கையால் திருகும் விங் நட் போட்டு, திறந்தால் மோட்டார் நின்றுவிடும்படி லிமிட் சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம் பார்த்தால், அந்தச் சுவிட்சைச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யார் கட்டியது என்று கத்துவதற்கு வாய் திறந்தவன், ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். கட்டி விழும்போது தெறிக்கும் தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கி, கூடு மூடியிருக்கும்போதே மோட்டாரை மணிக்கு நாலு தடவை நிறுத்துகிறது என்றார்கள். சுவிட்சை ஒரு முழம் மேலே ஏற்றி, ரப்பர் உறை போட்டுக் கொடுத்தேன். கம்பியை அவர்களே அவிழ்த்துவிட்டார்கள்.