டோக்கியோ மாதிரி நெரிசலான ஊரில் ஒரு ஜப்பானியத் தோட்டத்துக்காக அரை நாள் ஒதுக்கலாமா?

டோக்கியோவில் இரண்டு நாள்தான் இருப்பேன், நாலு பக்கமும் உயரக் கட்டடங்கள் சூழ்ந்த பழைய தோட்டம் ஒன்றுக்கு அதில் அரை நாளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். கடலோரத்தில் இருக்கும் ஹமாரிக்யூ தோட்டத்துக்குப் போங்கள். ஆனால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் முதல் தடவை போனபோது அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

தோட்டத்தை ஒட்டிய ஷியோதொமே பகுதியில் ஒரு கட்டடத்தின் 31-ஆம் மாடியில் எனக்கு வேலை. ஜன்னல் ஓரம் நின்றால் கீழே கரும்பச்சையாக ஒரு திட்டு, நடுவில் ஒரு குளம், ஒரு பக்கம் விரைவுச்சாலை, அதற்கு அப்பால் விரிகுடா. ஒரு வருஷத்துக்கு மேல் அதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனேன். ஓதெமோன் என்கிற பெரிய வாசலுக்கு ஏழு நிமிட நடை. 300 யென் சீட்டு. உள்ளே இருபத்தைந்து நிமிஷம் வேகமாக ஒரு சுற்று. பைன் மரம், குளம், மரப்பாலம், புல்வெளி. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று பிடிபடாமலே மேலே ஏறிவிட்டேன்.

இரண்டாவது தடவை அப்பாவோடு போனேன். அவர் வேதாரண்யம் உப்பளத்தில் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். ஏப்ரல் மாதம், அமாவாசைக்கு மறுநாள். அவருக்கு 65 வயது தாண்டிவிட்டதால் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் பாதிக் கட்டணம், 150 யென். வாசலைத் தாண்டியதுமே முன்னூறு வருஷப் பைன் மரத்தைக் காட்டுவோம் என்று கூட்டிப்போனேன். 1709-இல் ஆறாவது ஷோகன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) இயெனொபு இந்தத் தோட்டத்தைத் திருத்தி அமைத்தபோது அதன் நினைவாக நட்ட கரும்பைன் அது. கிளைகள் தரையை ஒட்டிப் படர்ந்து, கம்புகளால் முட்டுக்கொடுக்கப்பட்டு நிற்கிறது. அப்பா மரியாதையாகப் பார்த்தார், அவ்வளவுதான். குளத்தங்கரைக்கு வந்ததும்தான் நின்றார்.

"தம்பி, இது கொளம் இல்லடா. கடத்தண்ணி."

கரைக் கற்களில் ஓர் உயரம் வரை கறுப்பு, அதற்கு மேல் வெளிறிய சாம்பல். கோடு போட்ட மாதிரி. கறுத்த பகுதியில் சுண்ணாம்புக் கொப்புளம் போல ஒட்டிக்கொண்டிருந்ததைத் தடவிப் பார்த்து, கொட்டலசு என்றார். நம் ஊரில் படகின் அடியில் ஒட்டுமே, அதே சாதி. கல்லிடுக்கில் சிறு நண்டுகள் ஓடின. அந்நேரம் மத்தியானம் பன்னிரண்டு இருக்கும், தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. "இங்க எங்கயோ மதகு இருக்கணுமே" என்றார்.

இருந்தது. கடல் பக்கக் கரையோரமாக நடந்தால் தெரிகிறது. குளத்தின் பெயரே ஷியோஇரி-நோ-இகே, ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், உள்ளே வரும் குளம். விரிகுடாவில் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து மதகைத் திறந்தும் மூடியும் குளத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) கடலோரப் பிரபுக்களின் தோட்டங்கள் பலவற்றில் இப்படி உப்புத்தண்ணீர்க் குளம் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் பழைய ஷிபா ரிக்யூ தோட்டத்தின் குளமும் அப்படித்தான். கரையைத் தூர்த்துத் தூர்த்து நகரம் கடலுக்குள் நகர்ந்ததில் அது கடலோடு தொடர்பு அறுந்து நன்னீர்க் குளமாகிவிட்டது. அந்தக் காலத் தோட்டங்களில் டோக்கியோவில் இன்னும் கடல் வந்துபோகிற குளம் ஹமாரிக்யூவில் மட்டும்தான். மடவை, உளுவை, விலாங்கு எல்லாம் மதகு வழியாக உள்ளே வருகின்றன. அப்பா மடவை துள்ளியதை என்னைவிட முன்னால் பார்த்துவிட்டார்.

நான் வேலை பார்க்கும் ஷியோதொமே என்ற பெயருக்கு என்ன பொருள் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. ஷியோ என்றால் ஓதம், தொமே என்றால் தடுத்து நிறுத்துவது. ஷோகனின் கோட்டை அகழிக்குள் கடல்நீர் ஏறாமல் அங்கே தடுப்பு போட்டிருந்ததால் வந்த பெயர். ஆக, சாலைக்கு அந்தப் பக்கம் ஓதத்தைத் தடுத்த இடம், இந்தப் பக்கம் ஓதத்தை அழைத்துக்கொண்ட இடம். தடுத்த இடத்தில் பின்னால் 1872-இல் ஜப்பானின் முதல் ரயில் பாதைக்கான ஷிம்பாஷி நிலையம் வந்தது, பிறகு சரக்கு ரயில் முற்றம், இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். அழைத்துக்கொண்ட இடத்தில் முன்னூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அதே தண்ணீர் தினம் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. இதை உணர்ந்த பிறகுதான் எனக்கு அந்தத் தோட்டம் திறந்துகொண்டது.

அந்தத் தரையே கடலிலிருந்து எடுத்ததுதான். நாணல் மண்டிய ஆழமில்லாத கரை அது, ஷோகன் குடும்பம் வல்லூறு விட்டு வேட்டையாடிய இடம். 1654-இல் ஷோகனின் தம்பி மட்சுதைரா ட்சுனஷிகே அதை மண்ணிட்டு மேடாக்கி மாளிகை கட்டினார். அவர் மகன்தான் பின்னால் ஷோகனான இயெனொபு. அதோடு இது ஷோகன்களின் சொந்த இடமாயிற்று. எட்டாவது ஷோகன் யொஷிமுனே காலத்தில் இங்கே ஒரு யானைகூட இருந்திருக்கிறது. வியட்நாமிலிருந்து 1728-இல் கப்பலில் நாகசாகிக்கு வந்து, மறுவருஷம் எடோ வரை நடந்தே வந்த யானை. அப்பாவிடம் சொன்னபோது, கட்டித் தீனி போட்டது யார் என்று கேட்டார். எனக்கும் அதுதான் மனதில் நிற்கிறது: குளிர் நாட்டில், உப்புக்காற்றில், தன் இனத்தில் இன்னொன்றைப் பார்க்காமல் ஒரு யானை.

கரையில் ஓரிடத்தில் பழைய கல் படிகள் கடலுக்குள் இறங்குகின்றன. ஷோகன் படகேறும் துறை. 1868-இன் தொடக்கத்தில், போரில் தோற்று ஒசாகாவிலிருந்து கப்பலில் திரும்பிய கடைசி ஷோகன் யொஷினொபு கரையேறியது இங்கேதான். இருநூற்று அறுபது வருஷ ஆட்சி முடிந்த படி என்று எந்த ஆரவாரமும் அங்கே இல்லை. தண்ணீர் அடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு இது பேரரசரின் அரண்மனையானது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரத்துக்குக் கொடுக்கப்பட்டு, 1946 ஏப்ரலில் எல்லோருக்கும் திறந்தது. இப்போது தெரியும் தேநீர் வீடுகள் பழையவை என்று நினைத்துவிடாதீர்கள். 1944 குண்டுவீச்சில் எரிந்தவற்றைப் பின்னால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மட்சு 2010-இல், ட்சுபமே 2015-இல், தாக்கா 2018-இல். என் கண்ணுக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு தச்சன் இன்னொரு தச்சனுக்குக் கைமாற்றிக் கொடுத்த கைத்தொழில் அங்கே அப்படியே இருக்கிறது.

நகாஜிமா தேநீர் வீட்டில் மட்டும் அவசரப்படாமல் உட்காருங்கள். குளத்தின் நடுத்திட்டில் இருக்கிறது. 118 மீட்டர் நீள ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரப்பாலத்தில் நடந்து போக வேண்டும். 1879-இல் பேரரசர் மெய்ஜியும் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்டும் சந்தித்துப் பேசியது இந்தத் திட்டில்தான். இப்போதைய கட்டடம் 1983-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோரைப்பாயில் உட்கார்ந்தால், கிண்ணத்தில் மட்ச்சா என்னும் பச்சைத் தேயிலைப்பொடித் தேநீரும் அந்தப் பருவத்துக்கு ஏற்ற ஓர் இனிப்பும் வைப்பார்கள். இனிப்பை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு தேநீர். அப்படிச் செய்தால்தான் அந்தக் கசப்பு பிடிக்கிறது. அப்பாவுக்குக் கசப்பு பிடிக்கவில்லை. ஆனால் காலைத் தொங்கப்போடாமல் சம்மணமிட்டு உட்கார இந்த ஊரில் ஓர் இடம் கிடைத்ததே என்று முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தார். வெளியே தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

வாத்துப் பிடிக்கும் குளங்கள் இரண்டு இருக்கின்றன, 1778-இலும் 1791-இலும் வெட்டியவை. அவை மனதுக்கு இதமான இடம் இல்லை, ஆனாலும் பாருங்கள். சுற்றிலும் மண்கரை எழுப்பி, மரம் வைத்து மறைத்த குளம். அதிலிருந்து குறுகலான வாய்க்கால்கள். மறைவிலிருந்து சின்னத் துளை வழியாகப் பார்க்கும் ஒருவர் பலகையைத் தட்டி, குதிரைவாலி மாதிரியான தானியத்தைத் தூவுவார். பழக்கிய வாத்துகள் வாய்க்காலுக்குள் நீந்தும், நம்பிப் பின்னால் வரும் காட்டு வாத்துகளை வலையாலோ வல்லூறாலோ பிடிப்பார்கள். இறந்த வாத்துகளுக்காக 1935-இல் வைத்த நினைவுக்கல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அந்தக் குளத்தை மட்டும் பார்த்துவிட்டு வர எனக்கு மனம் வராது.

கட்டடங்கள் காட்சியைக் கெடுக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தோட்டத்துக்கு வெளியே இருக்கும் மலையையோ காட்டையோ தோட்டத்தின் பகுதியாகவே சேர்த்துக் காட்டும் பழக்கம் ஜப்பானில் உண்டு, ஷக்கெய் என்பார்கள், கடன் வாங்கிய காட்சி. இந்தத் தோட்டத்திலும் ஃபுஜிமி-யாமா என்று ஒரு மேடு உண்டு, ஃபுஜி மலையைப் பார்ப்பதற்காக எழுப்பியது. இப்போது அங்கிருந்து தெரிவது கட்டடங்கள்தான். யாரும் கேட்டு வாங்கிய கடன் இல்லை என்பது உண்மை. ஆனால் காற்று நின்ற வேளையில் அந்தக் கண்ணாடிச் சுவர்கள் தலைகீழாகக் குளத்தில் கிடக்கின்றன, மடவை ஒன்று துள்ளினால் முப்பது மாடியும் கலைகிறது. நான் வேலை பார்க்கும் மாடியையும் அந்தத் தண்ணீரில் தேடிக் கண்டுபிடித்தேன்.

நாலரை மணிக்கு மதகுப் பக்கம் திரும்பி வந்தோம். மத்தியானம் அப்பா கொட்டலசைத் தடவிய கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. கறுப்புக் கோடு முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. "இன்னும் ஏறும்" என்றார் அப்பா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமிப் பக்கம் குறைவு என்று அவருக்கு விரல்நுனியில் இருந்தது. டோக்கியோ விரிகுடாவுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தியது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், 4:30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஆண்டு இறுதியில் டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை மூடியிருக்கும். ஷியோதொமே நிலையத்தில் இறங்குவது எளிது, ஷிம்பாஷியிலிருந்தும் பன்னிரண்டு நிமிஷத்தில் நடந்துவிடலாம். பரப்பு 25 ஹெக்டேர், ஆகவே ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். காலையில் ட்சுகிஜி வெளிச்சந்தையில் சாப்பிட்டுவிட்டு அப்படியே நடந்து வரலாம். மார்ச் கடைசி என்றால் கடுகுப்பூ மாதிரியான மஞ்சள் வயல் கோபுரங்களின் அடியில் விரிந்திருக்கும். வசந்த காலத்தில் பகலில்தான் தண்ணீர் நன்றாக வற்றும், கரைக் கற்களைப் பார்க்க அதுதான் நல்ல சமயம். குளிர்காலத்தில் பெரிய வற்றம் இரவில் போய்விடும்.

ஓத நேரத்தை ஜப்பான் வானிலை முகமை தன் இணையதளத்தில் ஊர் வாரியாகப் போடுகிறது. வரும் தேதியைக் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். உங்கள் இரண்டு நாளில் எந்த நாள் மத்தியானத்தை ஒட்டித் தண்ணீர் வற்றுகிறதோ அதை ஹமாரிக்யூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு மதகுப் பக்கத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, வெளியே போகும் முன் திரும்பி வந்து அதே கல்லைத் தேடுங்கள்.