அந்த அறையில் யாரும் இல்லையா?

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஒரு கட்டுரையில் க்வென் ஜான் என்ற ஓவியரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். மனசு கனத்துவிட்டது. வேல்ஸில் பிறந்து பாரிஸுக்குப் போய், சிற்பி ரோடினுக்கு மாடலாக நின்று, அவரையே காதலித்து, அவர் விலகியதும் ஒரு மாடி அறையில் பூனைகளோடு ஒதுங்கி, கடைசியில் ஒரு துறைமுக ஊரில் யாருமற்று இறந்திருக்கிறார். தம்பி அகஸ்டஸ் ஜான் ஊரறிந்த ஓவியர், இவர் அந்த நிழலில். அவர் வரைந்த காலி அறையைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

எனக்கு முப்பத்தொரு வயது. பகலில் கணினி வேலை, இரவில் வரைகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் பெண்ணுக்குக் கலையின் விலை தனிமைதானா அக்கா? நான் வரைந்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

வி.

*

அன்புள்ள வி.,

வேலையை விடாதீர்கள். க்வென் ஜானும் மற்ற ஓவியர்களுக்கு மணிக்கணக்கில் அசையாமல் நின்று, அந்தக் கூலியில்தான் வண்ணம் வாங்கினார். தம்பியின் நிழல் என்பதையும் விட்டுவிடுவோம். அதை எழுதி எழுதி எல்லோரும் தேய்த்துவிட்டார்கள்.

‘காலி அறையைப் பார்த்தாலே அழுகை வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அந்தப் படம்தான். கோபமாகவும் இருக்கிறது, உங்கள் மேல் மட்டும் இல்லை.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். பாரிஸில் ஷெர்ஷ் மிதி தெருவில் 87ஆம் எண் வீட்டின் மாடி அறை. சரிந்த சுவர். மெல்லிய திரை போட்ட ஜன்னல். ஒரு பிரம்பு நாற்காலி, அதில் சாய்த்து வைத்த குடை. சின்ன மேசையில் கொஞ்சம் பூ. குடையை யார் சாய்த்து வைத்தது? பூவுக்கு யார் தண்ணீர் ஊற்றியது? அறைக்காரி இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறாள், அல்லது கிளம்பப் போகிறாள். அதைவிட முக்கியம், இந்தப் பக்கம் நின்று வரைந்துகொண்டிருக்கிறாள். அந்த அறையில் ஆள் இருக்கிறது வி.

காலக்கணக்கையாவது பார்த்திருக்கலாம். அந்தப் படம் 1907-09 வாக்கில் வரையப்பட்டது. ரோடினுடனான உறவு அப்போது முடிந்திருக்கவில்லை. கைவிடப்பட்ட பெண்ணின் அறை என்று நீங்கள் அழுதது, அவள் ஆசையாகத் துடைத்து, அடுக்கி வைத்திருந்த அறைக்காக.

அதே மூலைக்கு இன்னொரு படம் உண்டு, வேல்ஸில் கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில். அதில் ஜன்னல் திறந்திருக்கும், மேசையில் ஒரு புத்தகம் விரித்துக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் வேறு வேலையாகப் போனவள், மழைக்கு ஒதுங்கியதுபோல் அங்கே நுழைந்தேன். பெரிய படமாக இருக்கும் என்று மனதில் வைத்திருந்தேன். வார இதழ் ஒன்றின் அட்டை அளவுதான் இருந்தது. கிட்டே போகப் போக நமக்கும் குரல் தாழ்கிறது. வெளியே வந்தபோது மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

எனக்கு முப்பத்து நான்கு வயதில், ஒரு நாவலை முடிக்க வேண்டும் என்று ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வீட்டில் எந்தச் சண்டையும் இல்லை. முதல் நாள் வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்றார். நல்ல மனுஷி. ராத்திரி சாப்பாடு அனுப்பினார். ஆனால் அந்த இரண்டு மாதமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு இரக்கம் இருந்தது. நானோ வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் கதவைச் சாத்தும்போது எழும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ஆண் கதவைச் சாத்திக்கொண்டால் ‘எழுதுகிறார்’ என்கிறார்கள். பெண் சாத்திக்கொண்டால் ‘பாவம், என்ன ஆச்சோ’ என்கிறார்கள். உங்கள் கடிதமும் அதையேதான் சொல்கிறது, வி. வரைகிற பெண்ணே இப்படி எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

1903இல் க்வென் ஜான் டொரேலியா என்ற தோழியோடு கப்பலேறி பிரான்சின் போர்தோவில் இறங்கினார். ரோம் வரைக்கும் நடந்தே போவதாகத் திட்டம். வயல்களில் படுத்துத் தூங்கி, வழியில் ஆட்களை வரைந்து கொடுத்துக் காசு வாங்கி, துலூஸ் வரை நடந்தார்கள். அங்கே விளக்கு வெளிச்சத்தில் டொரேலியாவை வரைந்த படங்கள் இருக்கின்றன. நிழலில் ஒடுங்கிய பெண் செய்கிற காரியமா இது? 1910இல் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், குடும்பம் என்பதன் காலம் முடிந்துவிட்டது, இப்போதெல்லாம் சொர்க்கத்துக்குக் குடும்பமாகப் போவதில்லை, ஒவ்வொருவராகத்தான் போகிறோம் என்கிறார். நல்ல படம் வரைய வேண்டுமென்றால் குடும்பக் கட்டுகளிலிருந்து விடுபட வேண்டும் என்றும் சொல்கிறார். தனிமை அவர் தலையில் வந்து விழவில்லை. தேடிப் போய் எடுத்துக்கொண்டார்.

ரோடின் விஷயத்தில் நான் மழுப்பமாட்டேன். அது வலித்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் கடிதங்கள் எழுதினார் அந்த மனிதருக்கு. பாரிஸை ஒட்டி, ரோடின் வசித்த முதோனுக்கே 1911இல் குடிபெயர்ந்தார். அந்தக் கடிதங்களை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் க்வெனின் வாழ்க்கையைக் கேட்டால் எல்லோரும் முதலில் ரோடினைச் சொல்கிறார்கள், நீங்களும்தான். சுண்ணக்கட்டிப் பொடியை யாருமே சொல்வதில்லை.

சொல்கிறேன். பிற்காலத்தில் சுண்ணக்கட்டிப் பொடியையும் விலங்குப் பசையையும் கலந்து துணியில் பூசி, அதன்மேல் வரைந்தார். அந்தப் பூச்சு வண்ணத்திலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். பளபளப்பே இருக்காது, காய்ந்த சுவர் மாதிரி நிற்கும். வைத்த இடத்தில் வைத்ததுதான், மேலே தடவித் திருத்த வழியில்லை. சரியில்லையா, இன்னொரு துணியில் முதலிலிருந்து. அதனால்தான் ஒரே படம் மறுபடி மறுபடி வருகிறது. முதோன் மடத்துக் கன்னியாஸ்திரீகள் தங்கள் சபையை நிறுவிய மரி பூஸ்பானின் உருவத்தை வரைந்து தரச் சொன்னார்கள். பூஸ்பான் இறந்தது 1744இல். கையில் இருந்தது ஒரு ஜெபப்பட அட்டை மட்டும். அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஏழாண்டுகள், குறைந்தது ஆறு படங்கள். பிறகு ‘நோய் தேறுபவள்’ வரிசை. நீல உடுப்பில் ஒரு பெண், பிரம்பு நாற்காலி, கையில் ஒரு தாள், பக்கத்தில் தேநீர்க் கெண்டி. அதில் ஏறத்தாழ பத்து. பத்தும் ஒன்றுதான் என்பவர்கள் சுவரின் சாம்பல் நிறத்தைப் பார்க்காதவர்கள். ஒன்றில் அது ரோஜா பக்கம் சாய்கிறது, இன்னொன்றில் பச்சை பக்கம். அந்தச் சாய்மானத்தைப் பிடிக்க, வண்ணச் சாயல்களுக்கு எண் கொடுத்துக் குறிப்பெழுதி வைத்தார். இளம் வயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்த விஸ்லரிடம் தம்பி ஒருமுறை, அக்காவின் படங்களில் மனிதர்களின் குணம் தெரிகிறதே என்றாராம். குணமா, அது என்ன, வண்ணச் சாயல் அல்லவா முக்கியம், உன் அக்காவுக்கு அது நன்றாகத் தெரிகிறது என்றாராம் விஸ்லர்.

யாரும் கண்டுகொள்ளாதவர் என்பதும் பொய். நியூயார்க் வழக்கறிஞர் ஜான் க்வின், 1924இல் சாகும்வரை, அவர் அனுப்பியதையெல்லாம் வாங்கினார், உதவித்தொகையும் கொடுத்தார். அனுப்பத்தான் க்வென் தயங்கினார், இன்னொரு முறை வரைந்து பார்க்கலாமே என்று. நவீன ஓவியங்களைப் பெரிய அளவில் காட்டிய 1913 நியூயார்க் ஆர்மரி கண்காட்சியில் அவர் படம் இருந்தது.

அந்தச் சாவு. 1939 செப்டம்பர், போர் அறிவிக்கப்பட்ட புதிது. கடலோரம் போக, தியெப் என்ற துறைமுக ஊருக்கு ரயிலேறினார். அங்கே மயங்கி விழுந்து, 18ஆம் தேதி இறந்தார். கையில் பெட்டி இல்லை. ஆனால் கிளம்பும் முன் பூனைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். 63 வயது. இதற்கு அழுங்கள், நானும் அழுதிருக்கிறேன். அந்த அறைக்கு மட்டும் அழாதீர்கள்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். கடல் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரையலாம். பாட்டியின் முகம் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, தெரிகிறது. மூன்றாவது, அடுப்பு மேடையில் இருக்கும் பித்தளைக் குடம், அதில் ஏதோ இருக்கிறது. குடத்தின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அவசரப்பட்டு வெள்ளையை அப்பியிருக்கிறீர்கள். அந்த இடம் வெள்ளை இல்லை. குடத்தை அதே இடத்தில் வைத்து, அதே நேரத்தில், இன்னும் நான்கு முறை வரைந்து நான்கையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா