“இத்தனை வருஷம் என்ன செய்தாய்?”

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருபது வருஷமாக மதித்துவந்த மூத்த ஊடகவியலாளர் ஒருவர் மீது, அவரிடம் முன்பு வேலை பார்த்த பெண் முகநூலில் பாலியல் குற்றச்சாட்டு எழுதியிருக்கிறார். அவர் மறுத்திருக்கிறார். “பொலிசுக்குப் போகாதது ஏன்? கதை பொய்” என்கிறார் என் கணவர். நானும் ஆத்திரத்தில் அந்தப் பதிவின் கீழ் “இத்தனை வருஷம் என்ன செய்தாய்?” என்று எழுதிவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் வேலை செய்யும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு நாலு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எழுதியது பிழையா? இனி அவருடைய நிகழ்ச்சிகளைப் பார்க்கலாமா?

ச., தெஹிவளை

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மனிதர் செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரியும் என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் நம் வீட்டுக் கூடத்தில் இருபது வருஷம் பேசியவர் அல்லவா?

ஸ்கார்பரோவில் இருக்கும் என் மச்சாளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கனடாவின் சிபிசி வானொலியில் ‘கியூ’ நிகழ்ச்சியை நடத்திய ஜியான் கொமேஷியை 2014 ஒக்டோபர் 26ஆம் திகதி நிலையம் வேலையிலிருந்து நீக்கியது. அன்றே அவர் முகநூலில் நீளமாக எழுதினார்: எல்லாம் சம்மதத்தோடு நடந்தவை, பழைய காதலி ஒருத்தி பழிவாங்குகிறாள் என்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு விருப்பம் அழுத்தினார்கள். மச்சாளும் அழுத்தினாள். போன புதிதில் அவள் ஆங்கிலம் பழகியதே அந்தக் குரலைக் கேட்டுத்தான். சில நாட்களிலேயே லூசி டிகூட்டேர் என்ற நடிகை தன் பெயரைச் சொல்லி முன்வந்தார், பின்னால் இன்னும் பலர். மச்சாள் போன் எடுத்து, “எனக்கு அந்த ஆளைத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்” என்றாள். அவளுக்கு ஏமாற்றத்தை விட வெட்கம்தான் கூட.

அதன்பின் கொமேஷி மீது வழக்குப் போட்டார்கள். உங்கள் கணவர் அந்த வழக்கின் முடிவை எடுத்துக் காட்டக்கூடும். சரி, காட்டட்டும். 2016 மார்ச்சில் ஐந்து குற்றச்சாட்டுகளிலிருந்தும் கொமேஷி விடுதலையானார். சாட்சிகள் சில விஷயங்களை மறைத்ததை நீதிபதி கடுமையாகவே சாடினார். அதே தீர்ப்பில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிப்பதும், இவை நடக்கவே இல்லை என்று முடிவு செய்வதும் ஒன்றல்ல என்றும் எழுதினார். அவரவர் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மே மாதமே, உடன் வேலை செய்த இன்னொரு பெண்ணிடம் கொமேஷி நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், அந்த வழக்கு மீளப்பெறப்பட்டது. அது பலருக்கு ஞாபகமே இல்லை.

பொலிஸ் கதைக்கு வருகிறேன். நம் நாட்டில் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம், 1995இல் கொண்டுவந்த திருத்தம். ஐந்து வருஷம் வரை சிறை விதிக்கலாம். சட்டம் இருக்கிறது. வெள்ளவத்தையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தமிழ்ப் பெட்டை, தன் உடம்புக்கு நடந்ததைத் தமிழில் சொல்லி, அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் கணவர் பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தாலே முறைப்பாட்டுக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவராகத்தான் இருப்பார். (நானும் அப்படித்தான்.)

“இத்தனை வருஷம்” என்பதற்கு டெல்லியில் ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. பத்திரிகை ஆசிரியராக இருந்து அமைச்சரான எம்.ஜே. அக்பர், தன்மேல் குற்றம் சொன்ன ஊடகவியலாளர் பிரியா ரமணி மீது அவதூறு வழக்குப் போட்டார். 2021 பெப்ரவரியில் ரமணி விடுதலையானார். பத்து இருபது வருஷம் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அக்பர் குற்றச்சாட்டை மறுக்கிறார், மேன்முறையீடும் செய்தார். அதையும் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு பத்திரிகைக் கந்தோரில் ஒப்புநோக்குநராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஓர் அக்கா, “இரவு வேலை முடிஞ்சா அவரின்ர காரில ஏறாதை, என்னோட ஓட்டோவில வா” என்றார். ‘அவர்’ எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர், நல்ல எழுத்தாளர், மேடையில் பெண் விடுதலை பேசுவார். பிறகு புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதே வசனத்தை நான் சொன்னேன். ஓட்டோக் காசையும் பங்கு போட்டுக் கொடுத்தோம். அவரிடமோ நிர்வாகத்திடமோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது பாராட்டு மலர் போட்டார்கள். அதில் என் கட்டுரையும் இருக்கிறது. நல்ல கட்டுரை, அதுதான் கொடுமை. அந்தக் கந்தோரில் இருந்த ஒருத்தி நாளைக்கு முகநூலில் எழுதினால், முதலில் அந்த மலரைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

அவருடைய நிகழ்ச்சியைப் பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை அந்த ஊடகவியலாளர் வாசித்திருக்கவே மாட்டார். அவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. வாசித்தது உங்கள் மகள். அவளும் தினமும் ஒரு கந்தோருக்குப் போய் வருகிறவள், அங்கேயும் யாராவது ஒருவர் மேலே இருப்பார். தனக்கு ஏதும் நடந்து, அதை அம்மாவிடம் சொல்ல ஐந்து வருஷம் ஆனால் அம்மா என்ன கேட்பார் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருக்கிறது. பதற வேண்டாம், அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கே உட்காரவைத்து விசாரிக்கவும் வேண்டாம். முதலில் அந்தக் கருத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லுங்கள். அப்புறம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் பேசும் வரைக்கும் பொறுத்திருங்கள்.

அன்புடன்,
அக்கா